மார்க்கும் மாணாக்கரும்

(நம் சங்கத்தின் கல்வி நிதிக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கல்வி நிதியின் விதிகளுள் ஒன்று, ஆண்டுப் பரீட்சையில் யாதேனும் ஒரு பாடத்தில் தவறியவர்க்கு மறு வருஷம் உபகாரச் சம்பளம் கொடுத்தலாகாது என்று கூறுகிறது. இவ்விதியை ஏற்படுத்திய முன்னோரை நான் குறை கூற வந்தேனல்லேன். அவர்கள் காலத்தில் நிதி சிறிது. ஏந்தி நின்ற கைகளோ பல. வீடுதோறும் பிடியரிசி தொகுத்தும், கலியாணங்களிற் காணிக்கை பெற்றும் சேர்த்த பணம் ஊதாரித்தனமாய்க் கழியலாகாதே என்னும் கவலை அவர்களுக்கு இருந்தது நியாயமே. யாருக்குக் கொடுப்பது, யாரை நிறுத்துவது என்னும் வினா எழுந்தபோதெல்லாம், மார்க்கு என்னும் அளவுகோல் ஒன்றே தாட்சணியத்துக்கும் சிபாரிசுக்கும் இடங்கொடாமல் நின்றது. இன்னார் மருமகன், இன்னார் பேரன் என்னும் பேச்சை அது அடைத்தது. அதன் பொருட்டு நாம் மார்க்குக்கு நன்றி பாராட்டவே வேண்டும்.

ஆயினும் இவ்வாண்டு அவ்விதியின்படி நான்கு பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் நின்றிருக்கிறது. அவர்களுள் ஒருத்தி பௌதிகத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், தவறியது ஆங்கிலத்தில். அவளுடைய தகப்பனார் கூலி வேலை செய்பவர். சங்கத்தின் பணம் நின்றால் அவள் கலாசாலைக்குப் போவதும் நிற்கும். ஆதலின் இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வெறும் வாத விநோதமன்று. மார்க்கு எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை, பிற்கால வாழ்வில் அதற்குள்ள பயன் யாது என்பவற்றை நாம் தெளியாவிடின், அந் நால்வர் விஷயத்தில் நீதி செய்தவராக மாட்டோம்.

இவ்விஷயத்தில் இரண்டு கட்சியார் உண்டு. மார்க்கே எல்லாம் என்பார் ஒரு சாரார். அவர்களுக்கு மறுமொழி கூறுவது எளிது, பின்னர்க் கூறுவேன். மார்க்கு ஒன்றுமே இல்லை என்பார் மற்றொரு சாரார். பின்னவரே இக்காலத்தில் பெருகி வருகின்றனர். அவர்கள் பேச்சு பிள்ளைகளின் செவிக்கு இனிதாயிருத்தலால் அபாயமும் அதிகம். அவர்கள் தவறாமல் எடுத்துக் காட்டும் பெயர் ஐன்ஸ்டைன் என்பது. ‘ஐன்ஸ்டைன் கணிதத்தில் தவறியவராமே!’ என்று தன் மார்க்குப் பட்டியலை மறைத்துக்கொண்டு சொல்லாத பையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை?

அக்கதை பொய். 1895-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்து தேசத்து சூரிச் நகரத்துத் தொழிற்கலாசாலையின் நுழைவுப் பரீட்சைக்கு ஐன்ஸ்டைன் சென்றபோது அவருக்கு வயது பதினாறு. அப் பரீட்சைக்கு உரிய வயதினும் அது இரண்டு ஆண்டு குறைவு. கணிதத்திலும் பௌதிகத்திலும் மிக நன்றாய் எழுதினார். பொதுப் பாடங்களில் தேறவில்லை. பிறகு ஆரௌ என்னும் ஊர்ப் பள்ளியில் ஓராண்டு படித்து 1896-இல் தேறினார். அப்போது கணிதத்தில் அவர் பெற்ற மார்க்கு 6. அத் தேசத்து முறையில் 6 என்பதே உச்சம் என்பதை அறியாதார், அதனைத் தாழ்ந்த மார்க்கென்று எண்ணிக் கதை கட்டிவிட்டனர் போலும். உண்மையில் ஐன்ஸ்டைனின் வரலாறு கற்பிப்பது வேறு. 1900-இல் பட்டம் பெற்ற பின்னரும், ஆசிரியர்களின் நன்மதிப்பைப் பெறாமையால், அவருக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை. 1902-இல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் அமர்ந்தார். பட்டம் இருந்தும் சிபாரிசு இல்லாதவர் பட்ட பாடு அது. மார்க்கு இல்லாதவர் பட்ட பாடு எத்தகையது என்பதற்குத் தூர தேசம் போக வேண்டுவதில்லை. நம் கும்பகோணத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லுமுன், கும்பகோணத்துப் பிள்ளையின் தலைவிதியோடு பின்னர்ப் பிணைந்த கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பரீட்சையொன்றைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம்.

அங்கே கணிதப் பரீட்சைக்கு டிரைபாஸ் என்று பெயர். முதல் வகுப்பில் தேறினோரை ராங்ளர் என்பர். அவர்களுள்ளும் முதலாவது நின்றவர் ஸீனியர் ராங்ளர். முதலிலிருந்து கடைசி வரை தேறினோர் பெயரெல்லாம் வரிசையாக வாசிக்கப்படும். கௌரவப் பட்டம் பெற்றோருள் கடைசியில் நின்றவருக்கு மரக்கரண்டி ஒன்றை மேல்மாடத்திலிருந்து கயிற்றிற் கட்டி இறக்குவார்களாம்! ஸீனியர் ராங்ளர் என்பது அந் நாட்டில் பெரும்புகழ். 1899-இல் நம் தேசத்தவராகிய ரகுநாத் புருஷோத்தம் பராஞ்சபே அவ்விடத்தை மற்றொருவரோடு சமமாய்ப் பெற்றபோது இந்தியா முழுவதும் கொண்டாட்டம் நிகழ்ந்தது. பின்னர் அவர் புனாவில் பெர்குஸன் கலாசாலையின் தலைவராய் விளங்கினார்.

அவ் வரிசையின் பழைய ஏடுகளைப் புரட்டினால் வியப்பான செய்திகள் கிடைக்கும். 1854-ஆம் ஆண்டில் முதலாவது நின்றவர் எட்வர்டு ரௌத் என்பவர். இரண்டாவது நின்றவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்சாரமும் காந்தமும் ஒளியும் ஒரே இயல்பின என்று நிறுவியவர் மாக்ஸ்வெல். நம் இல்லத்து வானொலி முதலாக இன்று சட்டைப் பையில் இருக்கும் கைபேசி வரையில் எல்லாம் அவர் வகுத்த சமன்பாடுகளின் வழி வந்தவை. அவரைப் பின் தள்ளிய ரௌத் என்ன செய்தார்? டிரைபாஸ் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் தனிப் பயிற்சியாசிரியரானார். 20-க்கு மேற்பட்ட ஸீனியர் ராங்ளர்களை உண்டாக்கினார். அத் தொழிலில் அவருக்கு இணையாக ஒருவரும் இருந்ததில்லை.

இதைக் கேட்டு ரௌத்தை எள்ளி நகையாடுவோர் உண்டு. நான் அவ்வாறு செய்யேன். யந்திரங்கள் நிலைகுலையாமல் இயங்குவதற்குரிய நிபந்தனையைக் கண்டறிந்தவருள் அவரும் ஒருவர். இன்றும் பொறியியல் பயிலும் பிள்ளைகள் அவர் பெயரால் வழங்கும் முறையைக் கற்கின்றனர். அன்றியும், அதே ஆண்டில் ஆழ்ந்த வினாக்களுக்காக வைத்திருந்த ஸ்மித் பரிசு என்னும் மற்றொரு பரீட்சையில் அவரும் மாக்ஸ்வெல்லும் சமமென்றே தீர்மானிக்கப்பட்டனர். இங்கே நாம் கவனிக்கத்தக்கது இதுவே: இருவரும் ஒரே ஆண்டில் ஒரே ஆசிரியர்களிடம் பயின்றோர், ஒரு பரீட்சை ஒருவரை முதலென்றது, மற்றொரு பரீட்சை இருவரையும் சமமென்றது, காலம் வேறொரு தீர்ப்புக் கூறிற்று. பரீட்சை பொய் கூறவில்லை. தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் அது விடை கூறிற்று. குறித்த நேரத்துள் யார் விரைந்து பிழையின்றி எழுதுவார் என்பதே அக் கேள்வி.

1845-இல் இரண்டாவது நின்றவர் வில்லியம் தாம்ஸன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் போற்றியவர். முதலிடம் தமக்கே என்று உறுதியாய் நம்பியிருந்த அவர், இரண்டாவது யாரென்று பார்த்து வரும்படி வேலைக்காரனை அனுப்பினாராம். அவன் திரும்பி வந்து, ‘தாங்கள்தாம், ஐயா!’ என்றானாம். கதையோ உண்மையோ, அவர் வாழ்வு அதனால் குன்றிவிடவில்லை. 1880-இல் இரண்டாவது நின்ற ஜே. ஜே. தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தார்.

இப் பரீட்சையை உள்ளிருந்தே வெறுத்தவர் ஹார்டி என்னும் கணித நிபுணர். அவரும் தேறியவரே, 1898-இல் நான்காவது ராங்ளர். இளமையில் தமக்குக் கணிதத்தின்மேல் தனிக் காதல் இருந்ததில்லை என்றும், பரீட்சைகளும் பரிசுகளும் மற்றப் பிள்ளைகளை வெல்வதற்கு வழியாயிருந்தமையால் அதில் ஈடுபட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். எத்தகைய வாக்குமூலம், பாருங்கள்! பயிற்சியாசிரியரிடம் வினாத்தாள் வித்தைகளைக் கற்று அலுத்துக் கணிதத்தையே விட்டுவிடலாமா என்று எண்ணியிருந்த சமயத்தில், லவ் என்னும் ஆசிரியர் ஒருவர் பிரெஞ்சு நூலொன்றை அவர் கையிற் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மெய்யான கணிதம் யாதென்று அந் நூலிலேதான் கண்டாராம். பின்னர் ஹார்டி முதலியோர் செய்த கிளர்ச்சியின் பயனாக, 1909-ஆம் ஆண்டோடு அவ் வரிசை வாசிப்பு நின்றுபோயிற்று. நம் தமிழ்நாட்டரசும் 2017-ஆம் ஆண்டில் பொதுத் தேர்வுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தை நிறுத்தியது தங்களுக்கு நினைவிருக்கும். நூறாண்டுக்கு முன் கேம்பிரிட்ஜில் பேசப்பட்ட நியாயங்களே இங்கும் பேசப்பட்டன.

இந்த ஹார்டிக்குத்தான் 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ஆம் தேதியிட்டு, சென்னைத் துறைமுகக் கணக்கு அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த குமாஸ்தா ஒருவர் கடிதம் எழுதினார். இராமானுஜன் வரலாற்றை நீங்கள் அறியாதவரல்லீர். ஆயினும் நாம் அதைச் சொல்லும்போது, கடிதத்தில் தொடங்கிப் புகழில் முடிப்பது வழக்கம். கடிதத்துக்கு முந்திய எட்டு ஆண்டுகளை விரைந்து கடந்துவிடுகிறோம். நம் சங்கத்துக்கு வேண்டிய பாடம் அவ் வெட்டு ஆண்டுகளிலேயே இருக்கிறது.

பிள்ளைப் பருவத்தில் அவர் மார்க்குக் குறைந்தவர் அல்லர். 1897-இல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் ஜில்லாவுக்கே முதல்வராய் நின்றார். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில், ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கருக்கும் ஆசிரியர்களுக்கும் முரண்பாடின்றிப் பாட வேளைகளை வகுக்கும் வேலையை ஆசிரியரொருவர் இம் மாணாக்கரிடமே ஒப்படைத்தார் என்பர். 1904-இல் பள்ளி முடிந்தபோது கணிதப் பரிசு வழங்கிய தலைமையாசிரியர், முழு மார்க்குக்கு மேலும் கொடுக்கக் கூடுமாயின் இவருக்குக் கொடுக்கலாம் என்னும் கருத்துப்படப் பேசினார். உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசினர் கலாசாலையிற் புகுந்தார். இதற்குள் கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்கம் ஒன்று அவர் கைக்கு எட்டியிருந்தது. சற்றேறக்குறைய 5,000 முடிபுகள், பெரும்பாலும் நிறுவுதல் இன்றி, அடுக்கப்பெற்ற நூல் அது. கார் என்பவரும் டிரைபாஸ் பரீட்சைக்குத் தனிப் பயிற்சி கொடுத்தவரே! பரீட்சைக்காரருக்கென்று எழுந்த கைந்நூல், பரீட்சையை அடியோடு மறக்கச் செய்த மருந்தாயிற்று இவருக்கு.

கணிதத்தைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. நம் விதியும் அவ்விதியும் ஒன்றே என்பதை நினைவுறுத்த விரும்புகிறேன். தகப்பனார் ஜவுளிக் கடையிற் கணக்கெழுதுபவர். சம்பளம் கட்ட வழியில்லை. 1905-இல் பிள்ளை வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். மறு வருஷம் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தார், எப்.ஏ. பரீட்சையில் மறுபடியும் தவறினார். சரீர சாஸ்திரம் அவருக்குப் பெரும் பகை. சீரணம் பற்றிய வினாவுக்கு, இது தமக்குச் சீரணமாகாத அத்தியாயம் என்னும் பொருள்பட எழுதி வைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1907-இல் தனியாக எழுதியும் தவறினார். அதன்பின் பட்டம் என்னும் வாயில் அடைபட்டது. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தும், நண்பர் வீட்டில் உண்டும், நோட்டுப் புத்தகங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

1910-இல் நிலைமை எவ்வாறு மாறிற்று என்பதே கவனிக்கத்தக்கது. இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் நிறுவிய இராமசாமி ஐயரிடம் தம் நோட்டுப் புத்தகத்தோடு அவர் சென்றார். ஐயர் பட்டப் பத்திரம் கேட்கவில்லை. நோட்டைப் பிரித்துப் பார்த்தார். பின்னர் நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமசந்திர ராவ் சிறிது காலம் மாதந்தோறும் 25 ரூபாய் கைப்பணத்திலிருந்து கொடுத்து ஆதரித்தார். 1912-இல் துறைமுக உத்தியோகம் கிடைத்தது. ஹார்டியின் மறுமொழி வந்த பின், 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. எம்.ஏ. பட்டமுடையார்க்கு உரிய உதவி அது; இவரோ எப்.ஏ.யும் தேறாதவர். ஆயினும், ஆராய்ச்சியை வளர்த்தல் சர்வகலாசாலையின் கடமை என்பதை முன்னிட்டு, விதியை விலக்கி வழங்கினர். தவறியவர் என்று முத்திரையிட்ட அதே சர்வகலாசாலைதான் அது! 1914 மார்ச்சு 17-இல் கப்பலேறினார். 1916-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிப் பட்டம். 1918-இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர். 1920 ஏப்ரல் 26-இல், முப்பத்திரண்டாம் வயதில், சென்னையில் காலமானார்.

இளமையில் இறந்ததே அவருடைய துர்ப்பாக்கியம் என்று நாம் வருந்துகிறோம். ஹார்டியின் கருத்து வேறு. பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வரையுள்ள காலமே கணித நிபுணனுக்கு உயிரான காலம்; அக்காலத்தில் வழிகாட்டுவாரின்றி, முன்னரே பிறர் கண்டவற்றைத் தனியே மீண்டும் கண்டுகொண்டு கழிந்ததே பெரிய நஷ்டம் என்பது அவர் துணிபு. அந் நஷ்டத்தைத் தடுத்திருக்கக்கூடிய தொகை எவ்வளவு? ஒரு கலாசாலைப் பிள்ளையின் சில வருஷத்துச் சம்பளம். சங்கத்துப் பெரியோர்கள் இக் கணக்கைத் தங்கள் மனத்திலே போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

‘இராமானுஜன் போன்றவர் யுகத்துக்கு ஒருவர்; அவரைக் காட்டி எல்லாருக்கும் விதி செய்யலாமோ?’ என்று கேட்பீர்கள். கேள்வி சரியானதே. ஆதலால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். இராமானுஜனுக்கு ஓராண்டு இளையவராகிய சந்திரசேகர வேங்கட ராமன், பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். 1904-இல் மாநிலக் கலாசாலையில் பி.ஏ. முதல்வராய்த் தங்கப் பதக்கம் பெற்றார், 1907-இல் எம்.ஏ.யில் மிக உயர்ந்த தேர்ச்சி. நிதி இலாகாப் பரீட்சையிலும் முதலிடம். அப் பரீட்சை அவரைக் கல்கத்தாவில் உயர்ந்த உத்தியோகத்தில் அமர்த்திற்று. அவ் வுத்தியோகம் தந்த ஊதியத்தில் உண்டு, காலையும் மாலையும் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆராய்ச்சிச் சாலையில் உழைத்தார். 1917-இல் பெரிய சம்பளத்தை உதறிப் பேராசிரியரானார். 1930-இல் நோபெல் பரிசு பெற்றார். மார்க்கு இவருக்குச் சோறும் ஓய்வும் இடமும் தந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மார்க்கைப்போல் உதவுவது வேறொன்றில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளை பரீட்சையிலே தவறினால் தகப்பனார் கடை இருக்கிறது. நம் பிள்ளைகளிற் பலருக்கு அஃதில்லை. இதனால்தான் மார்க்கு வீண் என்று மேடையேறி முழங்குவோரைக் கண்டால் எனக்கு எரிச்சல் உண்டாகிறது. அவ்வாறு முழங்குவோர் பெரும்பாலும் மார்க்கு வாங்கி உயர்ந்தவர்களே!

இனி, பள்ளியறையிலே நடப்பதைச் சொல்ல வேண்டும். மிகக் கூர்மையான பிள்ளை வகுப்பில் படும் பாடு பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஆசிரியர் கணக்கைப் பலகையில் எழுதி முடிக்குமுன் விடை அவன் மனத்தில் வந்துவிடுகிறது. மீதி நேரம் என்ன செய்வான்? சன்னலுக்கு வெளியே பார்ப்பான், பக்கத்திலிருப்பவனைச் சீண்டுவான், திட்டு வாங்குவான். நியூயார்க் நகரத்தில் இத்தகைய பிள்ளைகளைப் பல்லாண்டு ஆராய்ந்த லீட்டா ஹாலிங்வொர்த் என்னும் அம்மையார், மிக்க மதியுள்ள குழந்தை சாதாரண வகுப்பில் பாதி நேரத்தையும், அதனினும் மிக்க குழந்தை ஏறக்குறைய முழு நேரத்தையும் வீணே கழிக்கிறது என்று கண்டார். நேரம் வீணாவது பெரிதன்று. முயற்சி செய்யாமலே முதல் மார்க்கு வந்துகொண்டிருந்தால், முயற்சி செய்வது எப்படி என்பதையே அப் பிள்ளை கற்பதில்லை. எட்டாம் வகுப்பு வரை புத்தகத்தைத் திறவாமலே முதலில் நின்றவன், பதினோராம் வகுப்பில் முதன்முறையாக ஒரு பாடம் விளங்காதபோது திகைத்து, தான் மூடன் என்றே முடிவு கட்டிவிடுகிறான். இதனை என் ஆசிரியத் தொழிலில் ஒருமுறையன்று, பலமுறை கண்டிருக்கிறேன். உழைத்துப் படித்து அறுபது மார்க்கு வாங்கிய பையன் அவனுக்கு முன்னே கலாசாலைப் படிப்பை முடித்துவிடுவான். இவ்வாறு விழுந்தவனுக்கு வேண்டுவது ஓராண்டு அவகாசமும், உழைக்கும் முறையைக் கற்பிப்பவர் ஒருவரும். நம் விதி கொடுப்பதோ அபராதம்.

இத்தகைய பிள்ளைகளை முன்னரே பொறுக்கியெடுத்து அவர்கள் வாழ்வைத் தொடர்ந்து பார்த்தவர் கலிபோர்னியாவில் டெர்மன் என்னும் பேராசிரியர். 1921-இல் தொடங்கிச் சுமார் 1,500 பிள்ளைகளை மதியளவுப் பரீட்சையால் தேர்ந்தார். பொதுவாக அவர்கள் நல்ல கல்வியும் நல்ல தொழிலும் உடையராயினர் என்பது உண்மை. ஆனால் அப் பரீட்சையில் தேறாமல் விலக்கப்பட்டோருள் இருவர், ஷாக்லி 1956-இலும் ஆல்வரெஸ் 1968-இலும், பௌதிகத்தில் நோபெல் பரிசு பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டோருள் ஒருவரும் அப்பரிசு பெறவில்லை. (ஷாக்லி பிற்காலத்தில் பிறப்பால் மதியில் உயர்வு தாழ்வு உண்டென்று பேசித் தம் பெயரைக் கெடுத்துக்கொண்டார், பிறப்பின் பேரால் சங்கம் கூட்டியிருக்கும் நாம் அதையும் நினைவில் வைப்பது நலம்.) தேர்ந்த ஆண்மக்களுள் மிக முன்னேறியோரையும் மிகப் பின்தங்கியோரையும் டெர்மன் ஒப்பிட்டபோது, மதியளவில் பெரிய வேற்றுமையில்லை, விடாமுயற்சியிலும் தன்னம்பிக்கையிலும் வீட்டார் கொடுத்த ஊக்கத்திலும் வேற்றுமை இருந்தது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மேனிலைப் பரீட்சையில் பெண்பிள்ளைகளின் தேர்ச்சி விழுக்காடு ஆண்பிள்ளைகளினும் மிகுந்திருப்பதைப் பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளிற் காண்கிறோம். அதன்பின் அப் பெண்கள் எங்கே போகிறார்கள்? 1890-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பிலிப்பா பாஸெட் என்னும் பெண்மணி டிரைபாஸ் எழுதினார். பெண்களை வரிசையிற் சேர்ப்பதில்லையாதலால், அவர் இடம் தனியே வாசிக்கப்பட்டது. ‘ஸீனியர் ராங்ளருக்கு மேல்’ என்று வாசித்தனர்! முதலாமவருக்கும் மேலே நின்றவருக்குப் பட்டம் கொடுத்தார்களா? இல்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க அச் சர்வகலாசாலை 1948 வரை காத்திருந்தது. அவ்வாண்டிலேயே அவ்வம்மையார் காலமானார். தென்னாப்பிரிக்காவிலும் லண்டனிலும் பள்ளிகளை அமைக்கும் பணியில் அவர் உழைத்தார்; கணித ஆராய்ச்சியைத் தொடர இடம் வாய்க்கவில்லை. அக்காலம் போயிற்று என்று கூறாதீர்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் 1981-ஆம் ஆண்டு தத்தம் பள்ளியில் முதலாவது நின்ற 81 பேரைக் காரன் ஆர்னால்டு என்பவர் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். கலாசாலையில் பெண்கள் ஆண்களுக்குக் குறையாமல் நன்றாய்ப் படித்தனர்; ஆனால் தங்கள் மதியைப் பற்றித் தாங்களே கொண்டிருந்த மதிப்பு அப் பெண்களுக்குள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது; ஆண்களுக்குக் குறையவில்லை. மார்க்குப் பட்டியல் சொல்லியதை அப் பெண்களே நம்பவில்லை. வீட்டிலும் ஊரிலும் ஓயாது கேட்கும் சொற்கள் பட்டியலினும் உரத்துப் பேசுகின்றன போலும். பௌதிகத்தில் நூறு வாங்கிய நம் பெண்ணுக்கு, ‘நீ தவறியவள், உனக்குப் பணம் இல்லை’ என்று சங்கத்து முத்திரையிட்ட கடிதம் போயிருக்கிறது. அக்கடிதத்தை அவள் எவ்வாறு படித்திருப்பாள் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த 81 பேரைப் பற்றி மற்றொன்றும் கண்டனர். பெரும்பாலோர் நல்ல உத்தியோகத்தில் அமர்ந்து ஒழுங்காக வாழ்ந்தனர்; புதுவழி கண்டோர் அவர்களுள் அரியர். எல்லாப் பாடத்திலும் நல்லவராயிருக்கப் பழகியோர், ஒன்றில் மூழ்கிப் பைத்தியமாவதில்லை. உத்தியோகத் திறமைக்கும் கலாசாலை மார்க்குக்கும் உள்ள தொடர்பு பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1996-இல் அமெரிக்காவில் வெளியான கட்டுரை ஒன்றும், அத் தொடர்பு உண்டு, ஆனால் சிறிது. பட்டம் பெற்று ஆண்டுகள் செல்லச் செல்ல அது இன்னும் சிறுத்துப் போகிறது என்று காட்டுகிறது. முதல் வாயிலைத் திறக்க மார்க்கு வேண்டும். பத்தாண்டு சென்றபின் யாரும் அதைக் கேட்பதில்லை; இங்கே அமர்ந்திருக்கும் வியாபாரிகளுள் எத்தனை பேர் தங்கள் கணக்கப்பிள்ளையின் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கை அறிவீர்கள்?

ஆதலின், நிர்வாக சபையாரிடம் யான் கேட்டுக்கொள்வது இது. உபகாரச் சம்பளம் புதிதாய்க் கொடுப்பதற்கு மார்க்கே அளவுகோலாய் இருக்கட்டும். தாட்சணியத்தை அடைக்க அதனினும் நல்ல தாழ்ப்பாள் நம்மிடம் இல்லை. கொடுத்ததை நிறுத்துவதற்கு மட்டும் அது போதாது. ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு அவ் வருஷத்துப் பணத்தை நிறுத்தாமல், சங்கத்தார் ஒருவர் அப் பிள்ளையின் வீட்டுக்கும் பள்ளிக்கும் நேரிற் சென்று காரணத்தை அறிந்து எழுத வேண்டும். நோயோ, வீட்டுக் கஷ்டமோ, சோம்பலோ, வேறொரு பாடத்தில் மூழ்கியதோ என்று தெரியாமல் ஒரே தண்டனை விதிப்பது முறையன்று. தவறிய பாடத்துக்கு மாலை வேளையில் கற்பிக்க நம்முள் ஓய்வு பெற்ற ஆசிரியர் பலர் இருக்கின்றனர். ஆங்கிலத்துக்கு என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம். மறு வருஷமும் தவறினால் அப்போது நிறுத்துவதைப் பற்றி யோசிப்போம். அப்போதும், அப் பாடத்தை அறிந்த ஒருவர் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பின்னரே. இராமசாமி ஐயர் செய்தது அவ்வளவே. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இதனால் நிதிக்கு உண்டாகும் அதிகச் சுமையையும் கணக்கிட்டிருக்கிறேன். இவ்வாண்டு நிறுத்தப்பட்டவர் நால்வர். அந் நால்வருக்கும் ஆகும் தொகை, நம் ஆண்டு விழாவில் பந்தலுக்கும் விருந்துக்கும் ஆன செலவில் மூன்றில் ஒரு பங்கு. விருந்து வேண்டாம் என்று சொல்லேன். இனிப்பு வகையில் ஒன்று குறையலாம். விதியைத் திருத்துவதற்கான தீர்மானத்தை எழுதிப் பொக்கிஷதாரர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். அதை முன்மொழிய ஒருவரும் ஆமோதிக்க ஒருவரும் வேண்டும். கலாசாலைச் சம்பளம் கட்டுவதற்குக் கடைசி நாள் இம் மாத முடிவு. நிர்வாக சபை கூடுவதோ அடுத்த மாதம். ஆதலால் அப் பெண்ணின் முதல் தவணைக்கு மட்டும் அதற்குள் வழி செய்ய வேண்டியிருக்கிறது.